மகள் காட்டாத கடிதங்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் 46 வயதுத் தாய். கணவர் இறந்து ஏழு வருடங்களாகின்றன. பகலில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டியும், வாரத்தில் மூன்று இரவுகள் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்து வருகிறேன். இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை.

மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஜூன் மாதம் பள்ளியில் புரொம் எனப்படும் நடன விருந்து நடக்கவிருக்கிறது. வசதி குறைந்த பெண் பிள்ளைகளுக்கு அந்த விருந்துக்கான உடுப்புகளை இலவசமாகக் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்புக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆசிரியை ஒருவரின் கடிதத்தோடு போய், பச்சை நிறத்தில் நீள உடுப்பு ஒன்றும் சப்பாத்தும் வாங்கி வந்திருக்கிறாள். கடையைப் போலவே அளவு வாரியாகத் தொங்கவிட்டிருந்தார்களாம். ஒரு பெண் கூடவே நின்று எடுத்துக் காட்டினாராம். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த சந்தோசம் என்னை இன்னும் எரித்தது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகள், பள்ளிப் படிப்பை முடிப்பதற்குச் செய்தாக வேண்டிய 40 மணி நேரத் தொண்டை அங்கேதான் செய்திருக்கிறாள். அவள் தாயிடம் சொல்ல, தாய் கோயில் வாசலில் என்னைக் கண்டு, "பிள்ளைக்கு நல்ல வடிவான உடுப்பாம்" என்றார். இவள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டை மண்டபம் எடுத்து, 250 பேருக்குச் சாப்பாடு போட்டுச் செய்தவள் நான். அதற்கு எடுத்த சீட்டுக் காசைப் போன வருடம்தான் கட்டி முடித்தேன். கேட்டிருந்தால் இன்னும் ஓர் இரவு வேலைக்குப் போயாவது வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா? ஊரில் எத்தனை மணப்பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான். யாரோ உடுத்துக் கழித்ததை என் பிள்ளை உடுத்த வேண்டுமா? நீளம் கூடிப்போன அந்த உடுப்பில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு, நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போட்டுப் பார்க்கிறாளாம்; சின்னவள் சொன்னாள். (பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டு வந்த கடிதங்களையும் இரண்டு வருடமாக அவள் எனக்குக் காட்டவில்லை என்பதைப் புத்தகப் பையைத் துப்புரவாக்கியபோது கண்டேன். அது வேறு கதை.) திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அழுகிறாள். ஊர்ச்சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவளை எப்படித் திருப்பிக் கொடுக்க வைப்பது?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

கோயில் வாசலில் நீங்கள் குறுகி நின்ற அந்த நிமிடம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது, "அது வேறு கதை" என்று அடைப்புக்குறிக்குள் நீங்கள் தள்ளிவிட்ட வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வகுப்பே சுற்றுலாவுக்கு ஆயத்தமாகும்போது, ஒரு பிள்ளை தன் கடிதத்தைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு, தனக்கு விருப்பமில்லை என்றோ சுகமில்லை என்றோ ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி இரண்டு வருடங்களைக் கடத்தியிருக்கிறாள். தன் சாமத்திய வீட்டுக்கான சீட்டுக் காசை மாதாமாதம் நீங்கள் எண்ணி எடுத்து வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்த விழா தனக்காக எடுக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் இன்னும் ஓர் இரவு வேலைக்குப் போயிருப்பேன் என்கிறீர்கள். அவள் கேட்காததற்கு வேறு காரணம் வேண்டுமா?

உங்களுக்குக் கசந்தாலும் சொல்கிறேன்: யாரிடமும் கை நீட்டாத உங்கள் வைராக்கியத்தை அவள் உங்களிடமே பழகிவிட்டாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை ஓர் ஆசிரியையிடமாவது மனம் விட்டுக் கேட்டாளே என்று நான் ஆறுதல் அடைகிறேன். நாளைக்கு இதைவிடப் பெரிய இடர் ஒன்று வந்தால் அவள் உங்களிடம் வருவாளா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உடுப்பைக் கொடுத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய அமைப்புகளில் பெயர்பெற்ற ஒன்றான பெக்காஸ் குளோசெட், புளோரிடாவில் 2003ஆம் ஆண்டு ரெபெக்கா கேர்ட்மன் என்ற பள்ளி மாணவி, வாங்க வசதியில்லாத பெண்களுக்காக 250க்கும் மேற்பட்ட உடுப்புகளைச் சேர்த்ததிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு 16 வயதில் அவர் வாகன விபத்தில் இறந்துவிட, பெற்றோர் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். உங்கள் மகளின் வயதை ஒத்த ஒருத்தி தொடங்கிய வேலையைப் பிச்சைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சாமத்திய வீட்டுக்கு மாமன் கொண்டுவரும் சேலையை நாங்கள் பிச்சை என்றா வாங்குகிறோம்? பெண் பிள்ளை வளர்ந்து நிற்பதை உடுப்புக் கொடுத்துக் கொண்டாடுவது எங்களுக்குப் புதிதல்ல. இங்கே மாமன் நிற்கும் இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நிற்கிறார்கள்.

ஆகவே திருப்பிக் கொடுக்க வைக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. கோயிலில் அந்தப் பெண்மணியைத் திரும்பக் கண்டால், "ஓம், நல்ல வடிவுதான்" என்று சொல்லிவிட்டு நடவுங்கள். அதற்கு முன் ஒரு மாலை வேலை இல்லாத நேரத்தில், மகளை அந்தப் பச்சை உடுப்போடு கதிரையில் ஏறி நிற்கச் சொல்லி, அவள் குத்தி வைத்த ஊசிகளைக் கழற்றிவிட்டு, ஓரத்தை நீங்களே அளந்து மடித்துத் தையுங்கள். சுற்றுலாக் கடிதங்களைக் கண்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு குண்டூசிகளை வாயில் கவ்விக்கொள்ளுங்கள். மடிப்பு முடியும்வரை உங்களால் பேச முடியாது, அவள் பேசட்டும்.