கார்பன் வரி: மானியம் வேறு, வரி வேறு
மலேசியாவில் தெலுக் இந்தான் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி கார்பன் வரியைப் பற்றித்தான். கரியமிலவாயு விடும் நிறுவனத்திடம் டன் கணக்கில் வாங்கும் வரி அது. வாட்ஸ்ஆப்பில் வந்ததை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டவர்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி: வரி வந்தால் ரோன்95 பெட்ரோல் விலை 1.99 வெள்ளியிலிருந்து ஏறுமா ஐயா? தினமும் மோட்டாரில் தோட்டத்துக்குப் போகிறேன்.

பதில்: 2025 வரவு செலவுத் திட்டத்தில் இந்த வரிக்குச் சொன்னது இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளை. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குத் தாவியதை இதோடு சேர்க்காதீர்கள். அது மானியம் வெட்டியதால். மானியம் வேறு, வரி வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டேகால் கிலோ கரியமிலவாயு வரும். டன்னுக்கு 15 வெள்ளி என்று வைத்து, அது உங்கள் டேங்க் வரை வந்தாலும் லிட்டருக்கு மூணு, நாலு காசுதான்.

கேள்வி: கரண்ட் பில்?

பதில்: இது நியாயமான பயம். நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. நிலக்கரி என்றால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலவாயு. மாதம் 300 யூனிட் என்றால், அதே 15 வெள்ளிக் கணக்கில் நாலரை வெள்ளி. எரிவாயு கலப்பதால் இன்னும் குறையும். கிலோவையும் டன்னையும் குழப்பி 4,500 என்று எழுதிய தம்பி, கால்குலேட்டரைக் கீழே வையுங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனை ஆலைப் புகைபோக்கி கறுப்பாகக் கக்குகிறது. முதலில் அதற்கு வரி போட வேண்டாமா?

பதில்: எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறீர்கள், பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளத்தை யாரும் பார்ப்பதில்லை. பாய்லரில் எரிவது செம்பனைப் பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான். மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பப் போகிறது. கறுப்புப் புகை நுரையீரலுக்குக் கேடு, அது தனிப் புகார். குளம் அப்படியல்ல. ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை, மூன்று டன் கழிவுநீர் வரும். அது காற்றுப் புகாத ஆழத்தில் அழுகி மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு. நான் ஆலையில் இருந்த காலத்தில், இரவு ஷிஃப்ட் முடிந்து குளக்கரை வழியாக வருவேன். பழுப்புத் தண்ணீர் அடுப்பில் வைத்த ரசம் போல மொட்டு மொட்டாகப் பொங்கும். மேலாளரிடம் சொன்னேன். “நாத்தம்தானே, பழகிடும்” என்றார். குளத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் மூடி போட்டு, வாயுவைக் குழாயில் பிடித்து எஞ்சினில் எரித்தால் மின்சாரம். செய்கிற ஆலைகள் இருக்கின்றன. முதலில் அறிவித்த துறைகளில் செம்பனை ஆலை இல்லையே, என் கோபம் அதில்தான்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 40 செம்பனை வைத்திருக்கிறேன். வரியில் கழியுமா?

பதில்: உங்களுக்கு வரியே இல்லை. அப்புறம் எதில் கழிப்பது?

கேள்வி: ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி நம் பாமாயிலைக் கொன்றுவிடுமாமே?

பதில்: 2026 ஜனவரி முதல் அது அங்கே இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றுக்கு. பாமாயில் அதில் இல்லை. பாமாயிலை நெருக்குவது, காடழித்து விளைந்த பொருளை உள்ளே விடாத இன்னொரு ஐரோப்பியச் சட்டம். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைக்காதீர்கள். நம் எஃகு ஆலைகள் இங்கேயே கார்பன் வரி கட்டினால் அங்கே அந்த அளவைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், காசும் நம் கஜானாவில் நிற்கும்.

பில்லைப் படம் எடுத்து அனுப்பிய அம்மாவுக்கு: எண்கள் மங்கலாக இருக்கின்றன. வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை எடுங்கள்.