புறக்கடை வாத்தும் பழம்புடவைப் போர்வையும்: கேள்வி பதில்

குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், புறக்கடையில் வாத்து வளர்த்தும் பழம்புடவைகளை அடுக்கிப் போர்வை தைத்தும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவள் நான். இவ்விரண்டையும் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, என் கை அறிந்த அளவில் இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. குளமும் இல்லை, பாலாற்றிலும் தண்ணீர் இல்லை. வாத்து வளர்க்க முடியுமா அம்மா?

தாராளமாக வளர்க்கலாம் தம்பி. வாத்துக்கு நீந்தக் குளம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தலையைக் கண்வரை முக்கி எடுக்கும் ஆழத்தில் ஒரு பாத்திரம் இருந்தால் போதும். மண்ணைக் கிளறித் தின்னும் பறவையாதலால் அதன் மூக்குத் துளைகள் சேற்றால் அடைத்துக்கொள்ளும். தலையை நீரில் முக்கிக் குலுக்கினால்தான் அவை திறக்கும், கண்ணிலும் பீளை கட்டாது. எங்கள் வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்த பழைய சிமெண்ட் தொட்டியைப் பாதி மண்ணில் புதைத்து, ஏறி இறங்க இரண்டு செங்கற்களை வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் ஒரே நாளில் கலங்கி நாறும். மாலையில் அதை வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புவது எங்கள் வழக்கம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்துக்குத் தண்ணீர் வேண்டும். படுக்கையில் ஈரம் ஆகாது. பலர் இதைப் புரட்டிப் புரிந்துகொண்டு, தண்ணீர்ப் பறவைதானே என்று ஈரத் தரையில் அடைத்துவிடுகிறார்கள். ஒரு வாத்துக்கு நான்கு சதுர அடி என்று கணக்கிட்டு, மேடான இடத்தில் கொட்டகை போட்டு, நெல் உமியை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். இரவில் உள்ளே தண்ணீர் இல்லையென்றால் தீனியும் உள்ளே இருக்கக் கூடாது, ஏனெனில் வாத்து ஒவ்வொரு வாய்க்கும் நீர் குடித்தே விழுங்கும். உலர்ந்த தவிடு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை நாம் அறிவோம். இன்றும் சில கிணறுகளின் நீர் வாயில் வைக்க முடியாதபடி இருக்கிறது. நீங்கள் குடிக்கத் தயங்கும் நீரை வாத்துக்கும் வைக்காதீர்கள்.

ஆற்காட்டிலிருந்து: காக்கி கேம்பல் வாங்கலாமா, நாட்டு வாத்து வாங்கலாமா?

முட்டை விற்பதுதான் நோக்கம் என்றால் காக்கி கேம்பல் நல்லது. நல்ல தீனியும் கவனிப்பும் இருந்தால் ஆண்டுக்கு 280 முட்டைவரை இடும். வீட்டுத் தேவைக்கு என்றால் நாட்டு வாத்தே போதும் என்பது என் எண்ணம். பழைய வட ஆற்காட்டில் ஆரணி வாத்து என்றே ஒரு நாட்டு வகை உண்டு. அறுவடை முடிந்த நெல் வயல்களில் மந்தை மந்தையாக மேய்த்துச் செல்லும் வாத்துக்காரர்கள், இறகின் நிறம் பார்த்துக் கீரி, சன்னியாசி என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். உரக்கக் கத்துவது பெட்டை. கரகரவென்று அடங்கிய குரலில் கத்துவது ஆண். வளர்ந்த ஆணின் வாலில் இரண்டொரு இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் வாத்துகள் முட்டையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகின்றன, அடையில் உட்காருவதே இல்லை. குஞ்சு எப்படிப் பொரிப்பது?

பல தலைமுறையாக முட்டைக்கென்றே வளர்க்கப்பட்டதால், அடைகாக்கும் குணம் பெரும்பாலான வாத்துகளிடம் குறைந்துவிட்டது. அதனால்தான் நம் ஊர்களில் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைக்கிறோம். கோழி முட்டையைவிட இது பெரிதாதலால் ஒரு நாட்டுக்கோழிக்கு ஏழு அல்லது எட்டுக்கு மேல் வைக்காதீர்கள். இறக்கைக்கு வெளியே நிற்கும் முட்டை கூமுட்டையாகிவிடும்.

கோழிக் குஞ்சு 21 நாளில் பொரியும், வாத்துக் குஞ்சுக்கு 28 நாள் ஆகும். இந்த ஒரு வாரத்தில்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். மூன்று வாரம் கடந்ததும் கோழி சலித்துக்கொண்டு எழுந்துவிடக்கூடும். அதனால் தீனியையும் நீரையும் கூடைக்கு எட்டும் தூரத்திலேயே வைத்து, இருட்டான மூலையில் அதைத் தொந்தரவு செய்யாமல் விடவேண்டும். அடைகாக்கும் வாத்து மேய்ந்துவிட்டு ஈர இறகோடு வந்து உட்காரும், கோழி அப்படி வராது. ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து, கோழி தீனிக்கு எழும் நேரத்தில், வெதுவெதுப்பான நீரை விரல் நுனியால் முட்டைகளின்மேல் தெளித்துவிடுங்கள்.

ஏழாம் நாள் இரவில் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, கையைக் குவித்து அதன் பருத்த முனையை டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். உயிர் பிடித்த முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி வலை போல எட்டுத் திசைக்கும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரியும். முதன்முறை பார்த்தபோது என் மகள் முட்டையைக் கீழே வைக்கவே இல்லை. வெறுமனே மஞ்சளாக ஒளிர்ந்தால் அதை எடுத்துவிடலாம்.

பொரித்த குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கும். தாய் வாத்தின் இறகு எண்ணெய் படாத அந்தக் குஞ்சுகள் நனைந்து விறைத்துப் போகும். இறகு முளைக்கும்வரை அலகு நனையும் ஆழத்துக்குத் தட்டில் மட்டும் நீர் வையுங்கள்.

அணைக்கட்டிலிருந்து ஒரு விவசாயி: வீட்டில் கடலைப் பிண்ணாக்கு நிறைய இருக்கிறது. வாத்துக்குப் போடலாமா? சென்ற மாதம் பத்துக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்துவிட்டன.

ஐயா, காரணம் அந்தப் பிண்ணாக்காகவே இருக்கக்கூடும். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஓர் ஐப்பசி அடைமழையில், மூலையிலிருந்த மூட்டையில் பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்ததைக் கண்டும், மேலே இருந்ததைத் தட்டிவிட்டு மீதியைத் தவிட்டோடு பிசைந்து போட்டேன். நான்கே நாளில் ஏழு குஞ்சுகள் கால் தளர்ந்து, தலை பின்னோக்கி வளைந்து இறந்தன. கோழிகளுக்கு எதுவும் ஆகவில்லை.

நிலக்கடலையில் ஈரம் ஏறினால் வளரும் அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அதற்குக் காரணம் இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு என்று தேடித்தேடிக் கண்டறிந்தார்கள். அந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். கோழியைவிட வாத்துக் குஞ்சுக்கு அது பன்மடங்கு கொடியது, ஈரலைக் கெடுத்துவிடும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. மேற்பூசணத்தைத் துடைத்தாலும் உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும். கடலை விளையும் நம் மண்ணில் பிண்ணாக்கு மலிவாகக் கிடைப்பதால் கை அதை நோக்கிப் போகிறது. மழைக்காலத்தில் அதை வாத்துக்குப் போடவே வேண்டாம். நொய், தவிடு, வேகவைத்த கம்பு, கீரைத் தண்டு இவற்றோடு, வயல் நத்தையும் மண்புழுவும் மேய்ச்சலில் கிடைத்துவிடும். உங்கள் பத்துக் குஞ்சுகளையும் நினைத்து வருந்துகிறேன். மீதி மூட்டையை எருக்குழியில் கொட்டாமல், கோழியும் வாத்தும் கிளற முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

சோளிங்கரிலிருந்து: தடுப்பூசி போட வேண்டுமா?

கட்டாயம் போடுங்கள். வாத்து பிளேக் வந்துவிட்டால் மருந்து கிடையாது, மந்தையே போய்விடும். எட்டு வாரம் கடந்ததும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது என்பது நம் பகுதிக்குப் பெருமை. கோழிகளுக்கு வரும் இராணிக்கெட் நோய்க்கு ராணிப்பேட்டையின் பெயர்தான் வைத்தார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது உத்தரகாண்டில் உள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயர். திடீரெனப் பல பறவைகள் ஒன்றாக இறந்தால் வெறுங்கையால் தொடாமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

திருவலத்திலிருந்து ஒரு சகோதரி: வாத்து இறகைச் சேர்த்துப் போர்வைக்குள் அடைக்கலாமா?

வேண்டாம் சகோதரி. பனி நாடுகளில் அடைப்பது வாத்தின் மார்பிலுள்ள மென்தூவியை. அதற்கும் ஊசி நுழையவே சிரமப்படும் அளவுக்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும். நாம் கொல்லையில் பொறுக்கும் இறகில் தண்டு இருக்கிறது, அது துணியைத் துளைத்துக் குத்தும். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. மார்கழிப் பனிக்குப் பழம்புடவை அடுக்கே போதும்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு சகோதரி: பாட்டி தைத்ததைப் போலப் போர்வை தைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

துவைப்பதிலிருந்து தொடங்குங்கள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது இதற்கும் சேர்த்துத்தான். புடவையில் கஞ்சி தங்கியிருந்தால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் அரிக்கும். குடியாத்தம் லுங்கி ஒன்றைச் சேர்ப்பதானால், நனைத்த வெள்ளைத் துணியால் அதை அழுத்தித் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். புதுத் துணியை நனைத்துச் சுருங்கவிடாமல் பழந்துணியோடு தைத்தால், முதல் துவைப்பிலேயே போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இரண்டு நல்ல நூல் புடவைகளை மேலுக்கும் அடிக்கும் வைத்து, நைந்தவற்றை நடுவில் மூன்று நான்கு அடுக்காகப் பரப்புங்கள். கூடத்துத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள்; மடிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் கை சொல்லிவிடும். முதலில் ஒரு சாண் இடைவெளியில் பெருந்தையல் போட்டு அடுக்குகளை நிறுத்திவிட்டு, பிறகு நடுவிலிருந்தே இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியெல்லாம் நடுவில் வந்து குவியும். பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். பாலியெஸ்டர் நூல் வலிமையானதுதான், ஆனால் அந்த வலிமையே நைந்த பருத்தியை நாளடைவில் அறுத்துவிடும். தெலுங்கு பேசும் எங்கள் பக்கத்து வீட்டில் இதைப் பொந்த என்பார்கள். அவர்களுடைய தையல் என் தையலைவிட நெருக்கம், ஆயுளும் கூட.

அதே சகோதரி: மழைக்காலத்தில் போர்வையில் நாற்றம் வருகிறதே?

மேற்புறம் காய்ந்தாலும் நடு அடுக்கு காயாமல் மடித்திருப்பீர்கள். ஒருபுறம் காய்ந்ததும் மறுபுறம் புரட்டி, மாலையில் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் துவைப்பதைத் தவிர்த்து, தை வெயிலுக்கு விட்டுவிடுவது நல்லது.

வேலூரிலிருந்து ஒரு மகள்: சென்ற ஆண்டு அம்மா தவறிவிட்டார். அவருடைய ஒன்பது புடவைகள் இருக்கின்றன. வெட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வெட்டாதீர்கள் அம்மா. பழைய முறையில் புடவையை வெட்டுவதே இல்லை, நீளவாக்கில் மடித்துத்தான் அடுக்குவோம். பட்டுப் புடவைகளைத் தனியே எடுத்து வையுங்கள். பழம்பட்டு மடிப்பில் பிளக்கும், பருத்தியோடு சேர்த்துத் துவைக்கவும் முடியாது. நூல் புடவைகளில் அவர் அடிக்கடி உடுத்தி நைந்ததை நடுவில் வையுங்கள். எது அவருக்கு மிகவும் பிடித்ததோ அதன் முந்தானை, தலைமாட்டுப் பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். முந்தானையின் கோடுகள் செல்லும் வழியே தையலையும் ஓட்டினால், ஊசி அவற்றின்மேல் குறுக்கே போகாது. அவர் கையால் தைத்த கிழிசல் ஏதேனும் தென்பட்டால், அதைப் பிரிக்காமல் அப்படியே விட்டு, அதைச் சுற்றி உங்கள் தையலைப் போடுங்கள்.