காப்பீடு இல்லாமல் புற்றுநோய்ச் சிகிச்சை பெற முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒப்பந்தத்துக்குப் பால்மரம் சீவும் சகோதரி கேட்கிறார்: மார்பகப் புற்றுநோய், காப்பீடு இல்லை, நிலையான வருமானமும் இல்லை, என்ன செய்வது?

முடியும், தங்கச்சி. தாலியை அடகு வைக்காதீர்கள், வட்டிக்காரரிடம் போகாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். விலையுயர்ந்த மருந்தை வெளியே வாங்கச் சொன்னால், பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மருத்துவ சமூகநலப் பிரிவுக்கு எழுதித் தரும்படி டாக்டரிடமே கேளுங்கள். சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் எனும் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை, வருமானச் சான்று, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

40 வயதாகி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் ரொக்க உதவியும் பெறுபவரா? குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி வரையும், தீபகற்பத்தில் பயணச் செலவுக்கு 500 வெள்ளி வரையும் கிடைக்கும். முன்பு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியிருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். பணத்துக்காகச் சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.