மொழி வேறு என்பதால் நடந்ததல்ல

கேள்வி: இரண்டு மொழி பேசும் இரண்டு இனங்கள் ஒரே நாட்டில் இருந்தால் என்றைக்கோ ஒருநாள் அது இனப்படுகொலையில்தான் முடியும், 2009 இறுதிப் போரில் வன்னியில் நடந்ததை யாராலும் தடுத்திருக்க முடியாது என்கிறார்களே, சரியா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பிழை. அப்படிச் சொன்னால் உத்தரவு போட்டவர்கள் தப்பிவிடுவார்கள், குற்றம் மொழியின் தலையில் விழும்.

ருவாண்டாவில் ஹூட்டுவும் துட்சியும் பேசியது ஒரே மொழி, கும்பிட்டது ஒரே தேவாலயத்தில். பெல்ஜியர் 1930களில் ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து அதில் இனத்தை எழுதிவைத்தார்கள். 1994 இல் வீதித் தடைகளில் நின்றவர்கள் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். ஏறத்தாழ 100 நாளில் 8 லட்சம் பேர். பொஸ்னியாவிலும் இரு தரப்புக்கும் பேச்சு விளங்கும். சிரெபிரெனிக்காவில் 1995 ஜூலையில் 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் அது காப்பாற்றவில்லை.

தூரத்துக்குப் போகவும் வேண்டாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் எங்கள் மொழிதான் பேசினார்கள். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் அவர்கள் போனதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பேசாமல் எங்கள் இழப்பை மட்டும் பேசினால் கேட்பவன் நம்பமாட்டான், நம்பவும் தேவையில்லை.

வேற்றுமை தானாகக் கொல்வதில்லை. அதைச் சட்டமாக்கி, பட்டியலாக்கி, பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்ப ஓர் அரசு வேண்டும். இங்கே 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு கொளுத்த வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. மொழி தெரியாத கும்பல் தற்செயலாகச் செய்த வேலையா அது?

வன்னியில் ஆயுதமானது ஓர் எண். 2008 செப்டம்பரில் அரசாங்கம் ஐ.நா. பணியாளர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேறச் சொன்னது. பார்த்துச் சொல்ல வெளியாட்கள் அநேகமாக இல்லாமல் போனார்கள். 2009 பெப்ரவரியில் முல்லைத்தீவு மாவட்ட அதிகாரிகள் போர் நடந்த பகுதிக்குள்ளே 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று எழுதினார்கள். அரசாங்கம் 70 ஆயிரம் என்றது. எண்ணைக் குறைத்தால் அரிசியும் மயக்க மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் வரும். சனம் சிக்கியிருந்த மாத்தளனுக்குப் பட்டினி அப்படித்தான் வந்தது. கடைசியில் முகாம்களுக்குள் வந்தவர்களே 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்.

இனப்படுகொலை பற்றிய ஐ.நா.வின் 1948 ஆம் ஆண்டுச் சாசனம் ஐந்து செயல்களைச் சொல்கிறது. ஒரு கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதன் வாழ்க்கை நிலைமைகளைக் கெடுப்பது அதில் மூன்றாவது. கடினமானது நோக்கத்தை நிறுவுவதுதான். எந்தச் சர்வதேச நீதிமன்றமும் வன்னி விடயத்தில் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. நோக்கத்தை நிறுவ உதவுவது கடிதங்கள், உத்தரவுகள், எண்கள். கோஷம் உதவாது.

அதனால்தான் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 இல் அரசாங்க ஆணைக்குழுவிடம் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கையே காட்டினார்: 2008 ஒக்டோபரில் இருந்தவர்கள் 4,29,059, வெளியே வந்தவர்கள் 2,82,380, மிச்சம் 1,46,679 பேர் எங்கே? அது இறந்தோர் தொகை அல்ல, பதில் இல்லாத தொகை. அந்த வேறுபாட்டை விடாமல் பேசவேண்டும். மிகைப்படுத்திய ஒரு எண் போதும், உண்மையான எண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2008 இல் இருந்த கிராம அலுவலர் பிரிவுப்படி இறந்தவர்கள், காணாமல் போனவர்களின் பட்டியல் எடுங்கள், இப்போதைய விலாசப்படி அல்ல. இல்லாவிட்டால் ஒருவரையே இரண்டு ஊரில் எழுதுவீர்கள். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடமும் திகதியும், கண்டவர் யார் என்பது தனித்தனியாக வேண்டும். “சொன்னார்கள்” என்பதையும் “கண்டேன்” என்பதையும் ஒரே நிரலில் போடாதீர்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அலுவலகத்துக்கு அலுவலகம் எழுத்து மாறும், அதனால் இலக்கம்தான் ஆளைப் பிடிக்கும். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்கவேண்டாம்.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தாய், தகப்பன், பிள்ளைகள் என்று குடும்பமே போன வீட்டுக்கு விண்ணப்பம் போட ஆளில்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். அவர்களை அயலவர்தான் எழுதவேண்டும். உங்கள் ஒழுங்கையில் யாரும் திரும்பாத வளவுகளை முதலில் எழுதுங்கள்.