தீவாந்தரம் போன முனியம்மா

கேள்வி: என் பாட்டியின் பாட்டிக்கு முனியம்மா என்று ஒரு தங்கை இருந்தாளாம். சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். தாது வருஷப் பஞ்சத்துக்குச் சில வருஷம் முன்னால், பெற்ற குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டாள் என்று கப்பலேற்றித் தீவாந்தரம் அனுப்பிவிட்டார்களாம். வேலூரில் விசாரித்தால் அப்படிப் பழைய கட்டே இல்லை என்கிறார்கள். பெரியம்மாவோ, “அந்தப் பேச்சையே எடுக்காதே” என்கிறார். எங்கே தேடுவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, நீங்கள் தேட வேண்டிய ஊர் சித்தூர். உங்கள் குடியாத்தம் அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரம் சித்தூர்தான். அதனால் பழைய தாள்களில் சித்தூர் என்ற பெயரைக் கண்டால் ஆந்திரா என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதுவே வாணியம்பாடிப் பக்கத்துப் பெண் என்றால் சேலம் ஜில்லாவில் பார்க்கச் சொல்லியிருப்பேன். திருப்பத்தூர் தாலுகா அப்போது அங்கேதான் இருந்தது.

தாது வருஷப் பஞ்சம் 1876–78. அதற்குச் சில வருஷம் முன்னால் என்றால் அந்தமானாகத்தான் இருக்கும். அங்கே கைதிக் குடியிருப்பு 1858-ல் தொடங்கியது. அதற்கு முந்திய காலமாக இருந்தால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம் போக வேண்டியிருக்கும். குழந்தைக் கொலைக்குத் தூக்கு விதித்து, பிறகு ஆயுள் தீவாந்தரமாகக் குறைப்பது அன்று சகஜம். தூக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். அதனால் ஜில்லாவில் காகிதம் அழிந்திருந்தாலும் சென்னையில் தடம் இருக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளுக்கு வருஷவாரியாக அட்டவணை உண்டு. 1865-லிருந்து 1876 வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். போர்ட் பிளேர் சம்பந்தப்பட்டவை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறைக் கோப்புகளில் இருக்கின்றன.

முனியம்மா என்ற பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெள்ளைக்கார துரைக்காகக் குமாஸ்தா இங்கிலீஷில் எழுதும்போது அது மூனியம்மா ஆகும், முன்னியாமா ஆகும். அந்தமானில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு எண் உண்டு. அது ஒன்று கிடைத்துவிட்டால் பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், எழும்பூரில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, கப்பலேற்றிய கைதிகளின் அங்க அடையாளப் பட்டியல் ஒன்று கையில் வந்தது. தொட்டால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. அதில் ஒரு பெண். வயது இருபத்திரண்டு. இடது புருவத்தில் தழும்பு, வளர்த்த காது, வலது முன்கையில் தேள் பச்சை. குற்றம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: கொலை. மேலே படிக்க முடியாமல் அந்தத் தேளிலேயே நின்றுவிட்டேன். ஏதோ ஒரு திருவிழாவில் குறத்தியிடம் கையை நீட்டி, வலிக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற கைதிகளிலிருந்து பிரித்துப் பார்க்க சர்க்காருக்கு உதவியது அந்தத் தேள்தான்.

உங்கள் முனியம்மாவைப் படிக்கும்போதும் ‘கொலை’யோடு நின்றுவிடாதீர்கள். விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது, ஊர் வழக்கம் விடவில்லை. விதவைக்குக் கர்ப்பம் என்றால் ஊர் அவளை என்ன செய்திருக்கும் என்று பெரியம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் பேச மறுக்கிறார். வற்புறுத்தாதீர்கள். ஆனால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தமானில் பெண் கைதிகள் சில வருஷம் கழித்து அங்கேயே கல்யாணம் செய்துகொள்ள அனுமதி இருந்தது. கைதிகளின் வம்சம் இன்றும் அங்கே வாழ்கிறது, லோக்கல் பார்ன் என்பார்கள். முனியம்மாவுக்கும் அங்கே பேரன் பேத்தி இருக்கக்கூடும்.

அப்புறம், பேச்சோடு பேச்சாக, அவள் வாழ்க்கைப்பட்ட ஊரையும் புருஷன் பெயரையும் கேட்டு வையுங்கள். அந்தக் காலத்துத் தாள்களில் பெண்ணைப் பெரும்பாலும் இன்னார் பெண்டாட்டி என்றுதான் எழுதியிருப்பார்கள். அது தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.