மூன்றாம் வகுப்புக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் தரலாம்? 30 நோட்டை எப்படித் திருத்துவது?

கடலூர் முதுநகர்ப் பக்கம் 3ஆம் வகுப்பு எடுப்பதாகவும், பெற்றோர் வீட்டுப்பாடம் போதவில்லை என்பதாகவும், திருத்தி மாளவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள், ஆனால் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கைப்படி 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து நாளுக்கு 20, 25 நிமிடம்தான் வரும். மீன் விற்கப் போகும் வீட்டிலும் முந்திரி உடைக்கும் வீட்டிலும் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. பிள்ளை தனியாகச் செய்ய முடிவதை மட்டும் கொடுங்கள். சார்ட், தெர்மாகோல் எல்லாம் பெற்றோருக்கு வைக்கும் பாடம், வேண்டாம்.

கணக்கில் நாலு போதும். கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 52 − 27 கொடுத்தால் தப்பாகப் போடும் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒருவன் பெரியதிலிருந்து சிறியதை எடுத்திருப்பான்: 7−2, 5−2. இன்னொருத்தி முறையாகக் கடன் வாங்கி 12−7 போட்டுவிட்டு, பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்திருப்பாள். இரண்டு வேறு தவறு, ஒரே விடை! ஒன்றுகள் இடத்து வித்தியாசம் 5 ஆக இருந்தாலே இப்படித்தான் ஆகும். அதற்குப் பதில் 53 − 27 கொடுங்கள். முதல் தவறு 34 ஆகும், இரண்டாவது 36 ஆகும், சரியான விடை 26. விடையைப் பார்த்ததுமே பிள்ளை எங்கே சறுக்கியது என்று தெரிந்துவிடும். கூடவே 72 − 38, கடன் தேவைப்படாத 68 − 25, ஒரு வாக்கியக் கணக்கு. கடன் தேவையில்லாத இடத்திலும் கடன் வாங்கும் பிள்ளையை அந்த 68 காட்டிக்கொடுக்கும்.

ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். செய்முறை கண்ணில் பட வேண்டும்.

திருத்தும்போது மதிப்பெண் போடாமல், 53 − 27க்கு எழுதிய விடையை வைத்து நோட்டுகளை 34, 36, மற்றவை என்று அடுக்காகப் பிரியுங்கள். 36 எழுதியவர்களுக்கு 5ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் வந்தால் போதும், பத்து நிமிட வேலை. 34 எழுதியவர்களுக்கு இட மதிப்பே பிடிபடவில்லை. அவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் கொடுமை, தப்பு கெட்டிப்பட்டுவிடும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டை அவர்கள் கையாலேயே அவிழ்க்க வையுங்கள். நடுவில் சுழியம் வரும் 503 − 267 மாதிரி கணக்கு, இதெல்லாம் தீர்ந்த பிறகு.

வீட்டுப்பாடத்தை மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள். போட்டது பிள்ளையா, அண்ணனா, டியூஷன் அக்காவா என்று யாருக்குத் தெரியும்? வகுப்பிலேயே துண்டுத் தாளில் இரண்டு கணக்கு, ஐந்து நிமிடம். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை எந்தக் கற்றல் நிலை (அரும்பு, மொட்டு, மலர்) என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டம் என்றாலும் 34 எழுதும் பிள்ளைக்கு வைத்தியம் ஒன்றுதான்.

நவம்பர் மழையில் நம் பக்கம் நாலைந்து நாள் விடுமுறை விட்டால் பாக்கி வீட்டுப்பாடத்தைச் சேர்த்துக் கேட்காதீர்கள். பள்ளி திறந்த அன்று அதே துண்டுத் தாள், எண்களை மட்டும் மாற்றி.