கணப்புக்கு எதிரே யார் உட்காருவது? – கடிதம்

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் வீடுகளைப் பற்றி எழுதுவதை விடாமல் படிக்கிறவன். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. போன மாதம் கிழக்கு லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். முன்னறை பதினொன்றரை அடி அகலம். தெருப்பக்கம் வெளியே தள்ளிய பெரிய ஜன்னல். பக்கச் சுவரின் நடுவில் பயர்பிளேஸ், அதாவது கணப்பு, அதற்குள் கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பு. நன்றாகவே எரிகிறது. எதிர்ச்சுவரின் உள்கோடியில் கதவு. எங்களிடம் இருப்பது எல் வடிவ சோபா. அதை அடுப்புக்கு நேர் எதிரே போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது. டிவியை பயர்பிளேஸுக்கு மேலே மாட்டிவிடலாம் என்பது என் யோசனை. “நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசத்தானே இந்த வீட்டை வாங்கினோம்” என்கிறாள் மனைவி. ஆறு மாதத்துக்கு தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, எங்கள் சண்டை முடிவதற்குள் பயர்பிளேஸுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்பலகையில் சாமி படங்களை அடுக்கிவிட்டார். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அம்மா முந்திக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. கண் மட்டத்துக்குச் சற்று மேலே, அறையின் நடுநாயகமாக ஒரு பலகை இருந்தால் நம் ஊர் அம்மாக்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அடுப்பு மூட்டிய நாட்களில் அந்தப் பலகைக்கு மேலே கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் ஒரே குளிர்காலத்தில் சட்டத்துக்குள் இருக்கும் படம் அலைஅலையாக வளைந்துவிடும். இதை அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். உள்பக்கச் சுவரில் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்பதை அவரே முடிவு செய்வார்.

சாமி படத்துக்கு ஆகாத சூடு டிவிக்கும் ஆகாது. அதைவிடப் பெரிய தொல்லை கழுத்து. சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர், கொஞ்சம் கூட இருக்கும். அந்த மேல்பலகையே பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். அதற்கும் மேலே டிவி என்றால், தியேட்டரில் முதல் வரிசை டிக்கெட் வாங்கிக்கொண்டு தினமும் படம் பார்க்கிற கதைதான். உங்கள் மாதிரி வீடுகளில் புகைபோக்கிச் சுவர் முன்னால் புடைத்து நிற்கும், அதன் இரு பக்கமும் சுவர் ஒரு முழம்போல உள்வாங்கியிருக்கும். ஜன்னல் பக்கத்து உள்வாங்கலில் தாழ்வான அலமாரி, அதன்மேல் டிவி. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருவதால் திரையில் ஜன்னல் தெரியாது.

இனி சோபா. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இதில்தான்.

நெருப்புக்கு எதிரே கனமான சோபாவை நட்டுவைப்பது இங்கிலாந்தின் ஆதிகால வழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெரிய வீடுகளில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். குளிர் வந்தால் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பருகே போட்டுக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் அது சுவரோரம் போய்விடும். நம் வீட்டில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்க்கிற மாதிரி. ஹம்ப்ரி ரெப்டன் என்ற தோட்டக்கலைஞர் 1816ல் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார். ஒன்றில் பழைய பாணி கூடம்: எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றில் புதிய பாணி ‘லிவிங் ரூம்’: நாற்காலிகள் கலைந்து கிடக்கின்றன, அவரவர் வேலையில் அவரவர். கணப்பு வேண்டாம் என்று ரெப்டன் சொல்லவில்லை, எல்லோரும் ஒரே வட்டமாக உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் ரெப்டன் கட்சி.

(உள்அலங்காரக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘ஃபோக்கஸ்’ என்பார்கள், அறையில் கண் போய் நிற்கிற இடம். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வீட்டு அடுப்புதான். வானியல் அறிஞர் கெப்ளர் 1604ல் அதை ஒளியியலுக்குக் கொண்டுபோனார். அடுப்பிலிருந்து கிளம்பி மறுபடி அடுப்புக்கே வந்து சேர்ந்திருக்கிறது.)

எங்கள் முதல் வீட்டில், பர்மிங்காமில், நானும் உங்களைப் போலத்தான் செய்தேன். திறந்த நிலக்கரிக் கணப்பு, அதற்கு நேர் எதிரே முதுகு தாழ்ந்த சோபா, சோபாவுக்குப் பின்னால் கதவு. அந்தக் குளிர்காலம் அப்பா வந்திருந்தார். இரண்டு ஜோடி காலுறை போட்டும் கணுக்கால் விறைக்கிறது என்பார். “முன்னால தோசைக்கல்லு, பின்னால ஐஸ் பெட்டி. இதுக்கு நடுவுல உக்காரச் சொல்றியேம்மா.” ஒருநாள் பூஜை முடிந்த கையோடு ஊதுபத்தியை எடுத்துப்போய்க் கதவின் அடியில் பிடித்தார். புகை மேலே எழும்பவே இல்லை. தரையோடு தரையாகப் படுத்து, சோபாவின் அடியில் நுழைந்து, நேராகக் கணப்புக்குள் போனது. எரிகிற நெருப்பு அறைக்காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலிருந்தும் ஜன்னலிடுக்கிலிருந்தும் குளிர்காற்று தரையோடு வருகிறது. அது வரும் பாதையில் அப்பாவின் கால் இருந்தது.

பழைய ஆங்கிலேய நாற்காலிகளில் உயர்ந்த முதுகும் காதுகள் மாதிரி இரண்டு பக்கச் சிறகுகளும் இருப்பது அழகுக்காக என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவை காற்றுத் தடுப்பு. பழைய பொருள் கடையில் ஒன்று வாங்கிப் போட்டதும் அப்பாவின் புகார் பாதி குறைந்தது. மீதி பாதி சாப்பாட்டைப் பற்றி, அதை விடுங்கள்.

உங்களுடையது மூடிய அடுப்பு. திறந்த கணப்பு அளவுக்கு அது காற்றை இழுக்காது. ஆனாலும் வீடு பழையது, ஊதுபத்தியும் வீட்டில் இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள். கதவடியில் துணி உருளை வைக்கலாம். அடுப்புக்கென்றே சுவரில் காற்றுத் துளை விட்டிருந்தால் அதை மட்டும் எந்தக் குளிரிலும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கான அலாரம் அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அலமாரியை நகர்த்தும்போது அது மறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் அறைக்கு வருகிறேன். எல் சோபாவைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். பலவற்றில் இரண்டு துண்டுகளை ஒரு கொக்கிதான் பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றிவிட்டால் நீளத் துண்டைக் கதவு இருக்கும் சுவரிலேயே, கதவைத் தாண்டி ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போடலாம். அங்கிருந்து டிவி நேர் எதிரே, நெருப்பு சற்று ஓரமாக. குட்டைத் துண்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். டிவியை மேலே மாட்ட வைத்திருந்த காசில் சிறகு நாற்காலி ஒன்றும், ஒரு கையால் தூக்கக்கூடிய நாற்காலி இரண்டும் வாங்குங்கள். சிறகு நாற்காலி அம்மாவுக்கு: முதுகு கதவைப் பார்க்க, முகம் நெருப்பைப் பார்க்க, அடுப்பிலிருந்து நாலடி. தலையைத் திருப்பினால் சாமி. இதில் பேரம் பேசாதீர்கள், அந்த வீட்டில் அதிகம் குளிர்கிறவர் அவர்தான். மற்ற இரண்டும் பகலில் ஜன்னலோரம், இரவில் நெருப்போரம். உங்கள் மனைவி கேட்ட பேச்சு அந்த இரண்டு நாற்காலியில் நடக்கும். துணி போர்த்திய எதுவும் அடுப்புக்கு மூன்றடிக்குள் வரக் கூடாது, நாற்காலியில் காயப்போடும் துண்டு உட்பட.

கடைக்குப் போகும் முன் சோபா, நாற்காலி அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். உங்கள் வீட்டில் இருட்டில் யாராவது அதை மிதித்துவிட்டால் அம்மா, “சரஸ்வதிடா” என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். நீங்கள் பழைய போர்வையை மடித்துப் போட்டு அளந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா